பிறந்தநாள் பந்தியில் முதற் கோப்பை யாருக்கு?



எழுதிப் பழகிய கைகள் அல்ல எங்களுடையவை. நாங்கள் இருவரும் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவர்கள். ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் ஒருவர் பகலும் மற்றவர் இரவுமாக மாறிமாறி வேலை செய்கிறோம். எங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடும் நாட்கள் குறைவு. ஆகவே இதில் வரும் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு, விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் கனடா வந்த ஒரு குடும்பம், தங்கள் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு என்ன சாப்பாடு போடலாம் என்று எங்களிடம் கேட்டது. கைக்குழந்தை முதல் கைத்தடி பிடித்தவர் வரை வருவார்களாம். பிறைட் றைஸ் போதுமா, கொத்துரொட்டியும் வேண்டுமா, எத்தனை ட்றே சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் தொலைபேசியில் கதைத்த பிறகுதான், நாங்கள் சொன்னதில் பாதி சாப்பாட்டைப் பற்றியது அல்ல, எங்கள் வெட்கத்தைப் பற்றியது என்று விளங்கியது. அந்த வெட்கத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். இனி வைபவம் வைக்கப்போகும் யாருக்காவது உதவட்டும்.

எங்கள் மகள் 2017 புரட்டாதியில் பிறந்தாள். ஊரில் எங்கள் காலத்துப் பிறந்தநாள் என்றால் காலையில் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் சர்க்கரைப் பொங்கல், வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ரொபி. வசதியிருந்தால் வெதுப்பகத்தில் ஒரு சிறிய கேக். கிளிநொச்சியில் அவ்வளவுதான். ஆனால் இங்கு வந்து ஐந்தாறு வருடம் மற்றவர்களின் வைபவங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு, என்வலப்பும் கொடுத்துவிட்டு, எங்கள் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளைச் சின்னதாகச் செய்ய மனம் வரவில்லை. 150 பேரைக் கூப்பிட்டோம். மண்டபம், பலூன் வளைவு, மூன்று தட்டுக் கேக், டீ.ஜே., போட்டோக்காரர், ஒன்பது வகைச் சாப்பாடு. ஆறாயிரம் டொலருக்கு மேல் போயிற்று. பெரும்பகுதி கிறடிட் கார்டில். வந்த என்வலப்புகளை இரவு கட்டிலில் கொட்டி எண்ணினோம். அதற்குப் பிறகும் மீதிக் கடனை எட்டு மாதம் கட்டினோம்.

கடனைக் கட்டி முடித்தோம், அது மறந்தும் போயிற்று. மறக்க முடியாதது வேறு.

அன்றைய விருந்தினரில் ஒருவர் ஐயா. சொந்தக்காரர் அல்ல. 2012 மார்கழியில் பனி கொட்டிய நாளொன்றில் நாங்கள் இரண்டு பைகளோடு நின்றபோது, தன் வீட்டின் பேஸ்மென்ற்றைத் திறந்துவிட்டவர். முதல் மூன்று மாதம் வாடகை வாங்கவில்லை. வேலை முடிந்து வரும் எங்களுக்கு அவருடைய மனைவி இடியப்பமும் சொதியும் மூடி வைத்திருப்பார். எங்கள் மகளைப் பேத்தி என்றே சொல்வார்கள். ஐயாவுக்கு நீரிழிவு, இன்சுலின் எடுப்பவர்.

அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று போட்டிருந்தோம். ஐயா ஆறு மணிக்குச் சரியாக வந்து முன்வரிசை மேசையில் அமர்ந்தார். ஏழு மணிக்கும் பாதி மண்டபம் வெறுமையாக இருந்தது. எம்மவர் வைபவம் எப்போது தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாடு ஏழேகாலுக்கே வந்துவிட்டது. ட்றேக்களை ஈயத்தாளால் மூடி மேசையில் அடுக்கி வைத்திருந்தோம். கேக் வெட்டிப் படம் எடுத்து முடியும் வரை அந்த மேசை கலையக்கூடாது என்று நாங்களே சொல்லியிருந்தோம்.

ஏழரைக்கு அம்மா எங்களிடம் வந்தார்.

"பிள்ளை, ஐயாவுக்கு ஒரு கோப்பையில கொஞ்சம் சாப்பாடு எடுக்கலாமோ?"

"இன்னும் பத்து நிமிசம் அம்மா. கேக் வெட்டின உடனே எல்லாருக்கும் குடுத்திடலாம்."

இதைச் சொன்னது எங்களில் யார் என்பது இப்போது முக்கியமில்லை. மற்றவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவர்கள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு ஒருநாளும் பத்து நிமிடம் பிந்தியதில்லை.

எட்டே முக்காலுக்கும் கேக் வெட்டவில்லை. மகள் அழுதழுது நித்திரையாகிவிட்டாள். அவளை எழுப்பிச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் முன்வரிசையில் ஏதோ சத்தம். ஐயா வியர்த்து நனைந்து, கை நடுங்கி, யாரோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எம்மவரில் பலர் அவருக்கு மாரடைப்பு என்று நினைத்தார்கள். எங்களோடு வேலை செய்யும் ஜமேக்காப் பெண்ணொருவர், வேலைத்தலத்தில் முதலுதவி படித்தவர், ஓடிவந்து முதலில் கேட்டது, "இவர் இன்சுலின் எடுப்பவரா?" என்பதுதான். பிள்ளைகளுக்கு வைத்திருந்த தோடம்பழ ஜூஸை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். 911க்கு அழைத்தோம். அம்புலன்ஸ் வருவதற்குள் ஐயாவின் முகம் தெளிந்துவிட்டது. வந்தவர்கள் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, இவருக்கு இப்போது தேவை ஒரு நேரச் சாப்பாடு என்றார்கள்.

சாப்பாடு இருபது அடி தள்ளி மூடிக்கிடந்தது.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். ஐயா சிரித்துக்கொண்டே, "கார்டில ஆறு மணி எண்டு போட்டிருந்தது, தம்பி. சனத்துக்கு முன்னால ஊசி போட வெக்கமாக் கிடந்தது. அதுதான் வீட்டிலயே போட்டுக்கொண்டு வந்தனான்," என்றார். குற்றம் சொல்லவில்லை. நேரத்தை நம்பியதற்கு அவர்தான் காரணம் சொன்னார்.

எங்களை ஏன் இது இவ்வளவு உறுத்தியது என்றால், சாப்பாட்டுக்குக் காத்திருப்பது என்ன என்று தெரியாதவர்கள் அல்ல நாங்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும். சில நாட்களில் அரிசியைத் தேட வேண்டும். அந்த வரிசையிலும் கரண்டி பிடித்தவர், "குழந்தைப்பிள்ளைகாரரும் வயசு போனவையும் முன்னுக்கு வாங்கோ," என்றுதான் கூப்பிட்டார். எதுவுமில்லாத இடத்தில் எங்களுக்கு அந்த ஒழுங்கு தெரிந்திருந்தது. ஒன்பது வகைச் சாப்பாடு வைத்த இடத்தில் அதைத் தொலைத்துவிட்டோம்.

அதன்பிறகு பிறந்தநாள் சாப்பாட்டை நாங்கள் திட்டமிடும் விதமே மாறியது. முன்பு, "என்ன வகை போடலாம்?" என்று தொடங்குவோம். இப்போது, "வருபவர்களில் வயது குறைந்தவர் யார், கூடியவர் யார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது எது?" என்று தொடங்குகிறோம். இந்த மூவருக்கும் சாப்பாடு சரியாக அமைந்தால், நடுவில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் எதையும் சாப்பிட்டுக்கொள்வோம்.

முதலில் வயது குறைந்தவர்கள். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கக்கூடியவற்றை மேசையில் வைக்கவே கூடாது. முழுத் திராட்சைப்பழம், வட்டமாக வெட்டிய சோசேஜ், கச்சான், கஜு, பொப்கோர்ன், கடின இனிப்பு ஆகியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். சோசேஜ் கொடுப்பதானால் அதையும் நீளவாக்கில் கீறிச் சின்னதாக நறுக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக்கூடாது என்று இங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. ஊர் வழக்கத்தில் நாக்கில் தடவ விரும்பும் பாட்டிமாருக்கு இதை முன்பே மெதுவாகச் சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்கு நெய் விட்ட பருப்புச் சோறு, சொதியில் ஊறவைத்த இடியப்பம், பஞ்சு இட்லி, வாழைப்பழம், அவித்து மசித்த கிழங்கு போதும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வேறு சாதி. அவர்கள் கோப்பையில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். மிளகாய் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பீற்சா என்றால் பெரிய முக்கோணத் துண்டுகள் வேண்டாம். சதுரமாகச் சின்னதாக வெட்டித் தரும்படி கேளுங்கள். பாதிக்கு மேல் குப்பைக்குப் போகாது. உறைப்பில்லாத கிழங்கு றோல்ஸ், நூடில்ஸ், சோளம், வெள்ளரிக்காய், வத்தகப்பழம், பாற்கட்டித் துண்டுகள் ஓடும். பொரித்த கிழங்கு ஆறினால் யாரும் தொடமாட்டார்கள். காசு வீண். சோடாப் போத்தல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, அவர்கள் உயரத்தில் தண்ணீரை வைத்தால் தண்ணீர் குடிப்பார்கள். நாங்கள் செய்து பார்த்தது இது.

இனி வயதானவர்கள். அவர்களுக்கு முதலாவது வேண்டியது நேரம் என்பதை மேலே சொல்லிவிட்டோம். இரண்டாவது, மெல்லக்கூடிய சாப்பாடு. பொய்ப்பல் வைத்தவருக்கு இழுபடும் ரொட்டியையும் எலும்போடு ஆட்டிறைச்சியையும் கொடுத்தால், அவர் மரியாதைக்காகப் பிசைந்துகொண்டிருந்துவிட்டுக் கோப்பையை மூடிவிடுவார். இடியப்பம், குரக்கன் புட்டு, கீரை, பருப்பு, முள்ளில்லாத மீன், குழைய வைத்த கத்தரிக்காய், மோர், சீனி போடாத இஞ்சித் தேநீர் ஆகியவை நல்லவை. மூன்றாவது, இருக்கை. எழுபதைத் தாண்டியவரை வரிசையில் நிறுத்தாதீர்கள். பிளாஸ்ரிக் கோப்பை வளைந்து குழம்பு மடியில் ஊற்றும். ஒலிபெருக்கிக்கு எதிரில் இருத்தினால் யாரோடும் கதைக்க முடியாமல் ஊமையாக இருப்பார். தள்ளி இருத்தி, உறுதியான கோப்பையில் போட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நீரிழிவுக்காரர் விடயத்தில் ஒன்றை எல்லோரும் தெரிந்திருப்பது நல்லது. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கும். அளவு நான்குக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு வரும். அந்த நேரத்தில், "சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொடுக்காதேங்கோ," என்று யாராவது தடுப்பார்கள். அது தவறு. அப்போது தேவை 15 கிராம் சீனிதான். ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, 150 மில்லிலீற்றர் ஜூஸ் அல்லது சாதாரண சோடாவோ கொடுக்க வேண்டும். டயற் சோடா உதவாது. 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 911க்கு அழைக்க வேண்டும். வெளியே சாப்பிடும் நாளில் ஊசியை எப்போது போடுவது என்று அவரவர் வைத்தியரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. ஐயாவுக்கு அவருடைய வைத்தியர், வெளியில் போகும் நாட்களில் கோப்பை முன்னால் வந்த பிறகே போடச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமை. ஊரில் நாங்கள் இதை அதிகம் கேள்விப்படவில்லை. தொழிற்சாலையில்தான் படித்தோம். எள்ளுப் போட்ட பாண் ஓடும் நாளில் எங்களுக்குத் தனி நிறத் தூரிகை, தனி நிறக் கரண்டி. அடுத்த பாண் ஓடுமுன் இயந்திரம் முழுவதையும் கழுவ வேண்டும். ஒரு எள்ளு மணிக்காகப் பாரவண்டி நிறையப் பாண் திருப்பி அனுப்பப்பட்டதையும் பார்த்திருக்கிறோம். முதலில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு எங்கள் மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை இடுப்பில் எபிபென் ஊசியைக் கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தபோது வேடிக்கை போய்விட்டது. ஒன்ராறியோவில் பள்ளிக்கூடங்கள் இத்தகைய பிள்ளைகளைக் காப்பதற்கென்றே 2006இல் சப்ரினா சட்டம் என்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2003இல் பள்ளியில் சாப்பிட்ட பின் ஒவ்வாமையால் இறந்த 13 வயதுச் சிறுமியின் பெயர் அது.

கச்சான் மட்டுமே ஆபத்து என்று நினைக்கக்கூடாது. கனடாவில் உணவுப் பெட்டிகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவற்றில் முட்டை, பால், கோதுமை, சோயா, மீன், இறால் வகை, மரக்கொட்டைகள் என்பவற்றோடு எள்ளும் கடுகும் இருக்கின்றன. கடுகு 2012 ஆகஸ்ட் முதல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் தாளிதத்தில் கடுகு இல்லாத கறி எது? நல்லெண்ணெய் என்றால் எள்ளு. றோல்ஸின் வெளித்தோலில் கோதுமையும் முட்டையும். கடை இடியப்பத்தில் அரிசிமாவோடு கோதுமை மாவும் கலந்திருக்கலாம். கட்டிப் பெருங்காயத்தூளிலும் கோதுமை மா இருக்கக்கூடும். றிச் கேக்கிலும் வட்டிலப்பத்திலும் கஜு. பெட்டியில் அடைத்த உணவில் எழுதியிருக்கும். ட்றேயில் வரும் சாப்பாட்டின் மூடியில் ஒன்றும் எழுதியிருக்காது. சமைப்பவரிடம் வாய் திறந்து கேட்பதைத் தவிர வழியில்லை. பிள்ளைகளை அழைக்கும்போதே பெற்றோரிடம், "பிள்ளைக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டுவிடுங்கள். ட்றேக்கு ஒரு கரண்டி என்று வையுங்கள். கச்சான் சம்பல் கரண்டி பருப்புக்குள் போனால், பருப்பும் கச்சான்தான்.

சைவ அசைவ விடயத்திலும் நாங்கள் அடிபட்டோம். முதலாவது பிறந்தநாள் ஒரு புரட்டாதிச் சனியில் விழுந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. வந்தவர்களில் பலர் அன்று சைவம். ஒன்பது வகையில் சைவம் இரண்டே. ஆகவே நாட்காட்டியில் வசதியான சனிக்கிழமையை மட்டும் பார்க்காமல், புரட்டாதிச் சனி, கந்தசஷ்டி, கத்தோலிக்கருக்குத் தவக்காலம், முஸ்லிம் நண்பர்களுக்கு நோன்பு என்பவற்றையும் பாருங்கள். மாசி போட்ட சம்பல் சைவம் அல்ல. பார்த்தால் தெரியாது, எழுதி வையுங்கள். பிள்ளைகளின் ஜெலி, மாஷ்மலோ ஆகியவற்றில் உள்ள ஜெலற்றின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுப்பது. கடற்பாசியில் செய்தால் எல்லோரும் சாப்பிடலாம். முட்டை தொடாத பெரியவர்களுக்கு முட்டையில்லாத கேக் ஒரு சின்னத் துண்டாவது தனியாக வைத்தால், பிள்ளைக்குக் கேக் ஊட்டும் நேரத்தில் அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. வேலைத்தலத்து நண்பர்கள் வருவார்களானால், தமிழிலும் ஆங்கிலத்திலும் சின்ன அட்டைகள் எழுதி ட்றேக்கு முன்னால் வையுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் புதுக் குடும்பம் தொலைபேசியில், "அப்ப ஆளுக்கொரு சமையலோ அண்ணை?" என்று கேட்டது. இல்லை. ஒரே சமையல்தான். உறைப்பை வெளியே வைப்பதுதான் உபாயம். இடியப்பத்தை நடுவில் வையுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குச் சொதியோடு மசிக்கலாம். எட்டு வயதுக்குப் பருப்போடு கொடுக்கலாம். இளம் ஆட்களுக்குக் கோழிக்கறியும் கட்டைச் சம்பலும். ஐயாமாருக்குச் சிவப்பு இடியப்பத்தோடு கீரை. சொதியிலும் பருப்பிலும் பச்சைமிளகாய் வேண்டாம். வெட்டிய மிளகாய், தேசிக்காய், உப்பு, பொரித்த மிளகாய் எல்லாம் தனிக் கிண்ணங்களில் இருக்கட்டும். வேண்டியவர் போட்டுக்கொள்வார். கறியில் போட்ட உறைப்பை யாராலும் எடுக்க முடியாது.

60 பேருக்கு, அதாவது பெரியவர் 40, பிள்ளைகள் 20 என்றால், எங்கள் கணக்கு இது. இடியப்பம் பெரியவருக்கு எட்டு, பிள்ளைக்கு நான்கு, ஆக 400. சொதி ஆறு லீற்றர். பருப்பு இரண்டரைக் கிலோ. எலும்போடு கோழி ஏழரைக் கிலோ. சைவ நாளானால் கோழிக்குப் பதிலாகச் சோயாவும் கிழங்கும். கத்தரிக்காய் நான்கு கிலோ. சம்பலுக்குத் தேங்காய் எட்டு. றோல்ஸ் பெரியவருக்கு இரண்டு, பிள்ளைக்கு ஒன்று, ஆக 100, அதில் பாதி மரக்கறி. சோறும் வேண்டும் என்றால் ஆளுக்கு 100 கிராம் அரிசிக்குப் பதிலாக 50 கிராம் போதும், மூன்று கிலோ. பெரிய வத்தகப்பழம் இரண்டு. கேக் ஒரே தட்டு. இவை எல்லாவற்றையும் கடையில் சொல்ல வேண்டியதில்லை. இடியப்பத்தையும் றோல்ஸையும் கடையில் எடுத்து, சொதி, பருப்பு, சம்பல் மூன்றையும் வீட்டில் இரண்டு குடும்பம் சேர்ந்து செய்தால் பாதிக் காசு மிஞ்சும்.

சமைத்த சாப்பாட்டுக்கு வெப்பநிலைக் கணக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலைச் சுவரில் தினமும் பார்ப்பது. நான்கு பாகை முதல் அறுபது பாகை வரை கிருமி பெருகும். சூடான சாப்பாடு அறுபதுக்கு மேல், குளிரான சாப்பாடு நான்குக்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த சாப்பாட்டை எறிந்துவிட வேண்டும். எங்கள் முதலாவது விழாவில் ஏழேகாலுக்கு வந்த ட்றேக்கள் ஒன்பது மணிக்குப் பிறகும் வெறும் ஈயத்தாளுக்குள் இருந்தன. யாருக்கும் வயிற்றால் போகாதது கடவுள் புண்ணியம். தேங்காய்ப்பாலும் சோறும் கோழியும் பொல்லாதவை. சாப்பாட்டை இரண்டு தவணையாக எடுத்து வையுங்கள். மிஞ்சியதை எல்லோரும் போகும் நேரத்தில் அல்ல, சாப்பிட்டு முடிந்த உடனே ஆழமில்லாத பெட்டிகளில் போட்டுப் பிறிட்ஜில் வையுங்கள்.

நேரத்தைப் பற்றி எங்களுக்கு உறுதியாகப் புரியவைத்தது 2020 புரட்டாதி. கொரோனாக் காலம். றொறன்ரோவில் வீட்டுக்குள் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்திருந்தது. மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு 22 வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டினோம். ஒவ்வொரு பொதியும் அந்த வீட்டுக்காரருக்கு ஏற்றது. குழந்தையுள்ள வீட்டுக்கு மிளகாய் இல்லாமல், ஐயா வீட்டுக்குக் குரக்கன் புட்டு. வாசலில் வைத்து மணியடித்துவிட்டுப் படிக்குக் கீழே நின்று கைகாட்டினோம். அன்றிரவு வந்த தொலைபேசிகளில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சூடாகச் சாப்பிட்டோம், நேரத்துக்குச் சாப்பிட்டோம். டீ.ஜே. இல்லை, பலூன் இல்லை. சாப்பாட்டை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆட்கள் இல்லாத குறை மட்டும் இருந்தது. ஆட்களும் வேண்டும், நேரமும் வேண்டும் என்று அன்று முடிவெடுத்தோம்.

இப்போது எங்கள் அழைப்பிதழில் இரண்டு வரி போடுகிறோம். "மாலை 5.30 வருகை. 6.30 சாப்பாடு." அப்படியே நடத்துகிறோம். வாசலில் பழமும் தண்ணீரும் இருக்கும். ஆறரைக்குப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்த இடத்தில் சாப்பிடுவார்கள். ஏழேகாலுக்கு, பிள்ளை நித்திரையாகுமுன் கேக். பிறகு எங்களைப் போன்றவர்கள் ஆறுதலாகச் சாப்பிடலாம். பிந்தி வருபவர்களுக்குச் சாப்பாடு சூடாக இருக்கும், ஆனால் அவர்களுக்காக யாரும் பட்டினி இருக்கமாட்டார்கள். முதல் வருடம் ஒருசிலர் முகம் சுளித்தார்கள். "என்ன, நாங்கள் வரமுன்னமே பந்தி வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டார்கள். அடுத்த வருடம் அவர்கள் ஆறு மணிக்கே வந்தார்கள். மேசை கலைந்த படங்கள்தான் எங்கள் அல்பத்தில் இருக்கின்றன.

புதிதாக வந்த உறவுகளே, வைபவம் வைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் பிறந்தநாள் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வகை கூட்டுவதற்காகக் கடன் படாதீர்கள். ஆட்களைக் குறைக்க மனமில்லையென்றால் வகையைக் குறையுங்கள். ஐந்து சாப்பாடு, எல்லா வயதும் சாப்பிடக்கூடியது, சொன்ன நேரத்துக்கு வந்தால் அது பெரிய விருந்துதான்.

2025 புரட்டாதியில் மகளுக்கு எட்டு வயது. எங்கள் கட்டிடத்தின் பார்ட்டி றூமில் 45 பேர். ஆறரைக்கு முதற் கோப்பையை மகளே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் ஐயாவுக்கு முன்னால் வைத்தாள். ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார். இப்போது சனத்துக்கு முன்னால் போட அவருக்கு வெட்கமில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவரும் தன்னுடையதை எடுத்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஐயா எங்களைக் கூப்பிட்டார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று கிட்டப் போனோம்.

"சொதிக்கு உப்புக் காணாது, பிள்ளை," என்றார்.

உப்பு மேசையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தோம்.